ஆறு மலாய்ச் சொற்களும் ஒரு முறுகல் தோசையும்

முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். திண்டுக்கல்லில் எங்கள் அச்சகத்தில் கல்லச்சை நிறுத்திவிட்டு உலோகத் தகடும் காமிராவும் கொண்டுவந்துவிட்டார்கள். கல்லில் வரைகிறவர்களில் விருப்பமுள்ளவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று முதலாளி நோட்டீஸ் ஒட்டினார். முதல் கையெழுத்து என்னுடையது. அடுத்த மாதம் முதல் ஒட்டன்சத்திரத்தில் பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். கல் போகிறதே என்று கண்கலங்கியவர்களும் உண்டு. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஒரு முறையாவது அந்தக் கல்லைக் காலில் போட்டுக்கொண்டவர்களுக்குப் புரியும்.

தகட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று பெண்கள் போன வாரம் என்னை வளைத்துக்கொண்டார்கள்.

"அக்கா, நீங்க படம் வரைய வந்ததுக்குப் பின்னாடி ஒரு தோசைக் கதை இருக்காமே?"

இருக்கிறது. ஆனால் அதை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பைண்டிங் பிரிவில் சொல்லும் கதையில் நான் கடைசியில் தோசையைத் தின்றே விடுகிறேன். அதனால் நடந்ததை நடந்தபடி தொழிலாளர் மன்ற மலரில் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

எரியோட்டுக்குப் பக்கத்தில் கடலை போடும் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ் வந்ததும் என் அப்பா அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு சந்தைக்குப் போய், கருவாட்டுக் கடைக்காரர் வரைக்கும் காட்டிவிட்டு வந்தார். பல நாள் அந்தச் சான்றிதழில் நெத்திலி வாசம் அடித்தது. பிறகு டிராயிங் பரீட்சை இரண்டும் தேறினேன். திண்டுக்கல்லில் அத்தை வீட்டில் தங்கிக்கொண்டு வேலை தேடினேன். அச்சகத்தில் எழுத்துக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் எழுதினேன். எப்படி எழுதினேன் தெரியுமா? முழுக்கக் கண்ணாடி எழுத்தில், வலமிருந்து இடமாக, ஒவ்வோர் எழுத்தையும் திருப்பிப் போட்டு.

கல்லச்சில் அதுதான் தேவை. காலண்டர், புகையிலை லேபிள், பூட்டுப் பெட்டி லேபிள் எல்லாவற்றையும் முதலில் வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் வரைய வேண்டும். கல்லில் இருப்பது காகிதத்தில் இடவலம் மாறி விழும். ஆகவே கல்லில் எல்லாமே தலைகீழ்ப் புத்தியோடு இருக்க வேண்டும். வரைந்த பிறகு பிசினும் துளி திராவகமும் கலந்து பூசுவார்கள். அப்புறம் ஈரப் பஞ்சால் துடைத்து உருளையை ஓட்டினால், ஈரம் இருக்கும் இடம் மையை வேண்டாம் என்று தள்ளிவிடும், கொழுப்பு இருக்கும் இடம் வாங்கிக்கொள்ளும். பிழை இருந்தால் கத்தி முனையால் சுரண்டி, படிகார நீர் தடவி, மறுபடி எழுத வேண்டும். நிறத்துக்கு ஒரு கல். இவ்வளவுதான் கல்லச்சு. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு மாதம் ஆனது. மூன்று மாதம் என்றுதான் வெளியில் சொல்லியிருக்கிறேன்.

விண்ணப்பத்தை வாங்கியவர் போர்மன் சூசை ஐயா. ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. கல்லில் வரைந்ததை அந்தக் கண்ணாடியில்தான் பார்ப்பார். மற்ற நேரத்தில் மீசை சீவுகிறார் என்று பேச்சு. என் விண்ணப்பத்தைக் கண்ணாடியில் காட்டி முழுதும் வாசித்தார்.

"நாளைக்கு வா, அப்பு" என்றார். ஆண், பெண், முதலாளியின் நாய் எல்லாருமே அவருக்கு அப்புதான்.

அவர் நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. சரியாக இருந்தால் "அச்சுக்குப் போகலாம்." சரியில்லை என்றால் ஒரு வார்த்தை பேசமாட்டார். கண்ணாடியை நம் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் நம் தவறை நாமே கண்டுபிடித்திருக்க வேண்டும். சிலருக்கு அவர் மூன்று டீ குடித்துவிட்டு வருவார்.

என்னை எழுத்துக் கல்லில் உட்காரவைத்தார்கள். 'உயர்தரப் பூட்டு', 'அசல் மலைப் புகையிலை' இந்த ரகம். அந்தச் சின்ன வேலைக்கு ஐயாவின் கண்ணாடி வராது, கல் நேரே மிஷினுக்குப் போய்விடும். படக் கல் என்பது வேறு. அதில் ஆண்கள்தான் உட்காருவார்கள், தனி மேசை, ஜன்னலோரம், படத்தின் மூலையில் சொந்தப் பேரைச் சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம். எனக்கு அந்த மேசைதான் வேண்டும். பதினோரு மாதத்தில் நான் எழுதிய ஒரு லேபிள்கூடப் பிழை என்று திரும்பி வரவில்லை. இதைக் காலையில் ஒரு தரம், சாப்பாட்டு நேரத்தில் ஒரு தரம் எல்லாருக்கும் ஞாபகப்படுத்துவேன்.

மிஷினில் இருந்த கருப்பண அண்ணன்தான் இதற்குப் பதில் சொல்லுவார். நாற்பது வயது, எழுத்து வாசனை கிடையாது, வாய் மட்டும் ஓயாது. கல்லைத் தேய்ப்பது, திராவகம் பூசுவது, மிஷினில் ஏற்றுவது எல்லாம் அவர் பாடு.

"ஆமா டீச்சரம்மா, நீ எழுதுனா பிரம்மாவே வந்து காப்பி அடிச்சுக்கிட்டுப் போறாரு. செத்த நேரம் தள்ளி உக்காரு, உன் பெருமை மேல பட்டு மை காய மாட்டேங்குது."

மலாயா விடுதலை பெற்ற மறு வருஷம் கமால் ராவுத்தர் வந்தார். பேகம்பூர்க்காரர். இருபது வருஷத்துக்கு மேலாக மலாயாவில் பள்ளிக்கூடப் பொருள்கள் விற்கும் கடை வைத்திருந்தார். அங்கே புதிதாகத் திறக்கும் பள்ளிகளில் சுவரில் மாட்ட ஆறு படம் வேண்டுமாம். ஒவ்வொன்றிலும் ஒரு மலாய்ச் சொல், நற்பண்பைச் சொல்வது, அதற்கேற்ற படம்.

"காலண்டர்ல வர்ற மாதிரி சாமி, பூ, ஒளிவட்டம் ஒண்ணும் வேணாம்" என்றார் முதலாளியிடம். "அங்க இப்பப் புதுசா வரையிறாங்க. நாலு கோடு, ரெண்டு கலரு, பார்த்தா பட்டுன்னு புரியணும். இன்னொண்ணு, கை வரைஞ்சா கவனம். மலாய்க்காரங்க இடது கையால எதையும் குடுக்க மாட்டாங்க. மரியாதைக் குறைவு."

"அப்ப நான் அங்க போனா பட்டினிதான்" என்று மிஷின் பக்கமிருந்து கருப்பண அண்ணன் குரல் கொடுத்தார். அவர் எல்லாவற்றுக்கும் இடது கைக்காரர்.

ராவுத்தர் அர்த்தத்தையெல்லாம் வாயால் சொன்னார், முதலாளி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், எழுதி வைக்கவில்லை. ராவுத்தர் பழனியில் மகளைப் பார்க்கப் போய்விட்டார். எங்கள் கையில் மிஞ்சியது ஒரு துண்டுக் காகிதம். ஆங்கில எழுத்தில் ஆறு சொல்: புடி, செத்தியா, செந்தோசா, ஜாசா, பக்தி, டோசா.

படக் கல்காரர்கள் இரண்டு பேருக்கும் ஆங்கில எழுத்து பழக்கமில்லை. சூசை ஐயா துண்டைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தார், பழக்கதோஷம். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"இதுக்கு அர்த்தம் தெரியுமா, அப்பு?"

இந்த இடத்தில் 'ராவுத்தர் வரட்டும், கேட்டுக்கொள்வோம்' என்று சொல்லியிருக்கலாம். எங்கள் வம்சத்தில் முதல் எஸ்.எஸ்.எல்.சி. அப்படிச் சொல்லுமா?

"எல்லாம் நம்ம சொல்லுதாங்கய்யா. வடமொழியில இருந்து கப்பலேறிப் போனது. புடின்னா புத்தி. செத்தியான்னா சத்தியம். செந்தோசா சந்தோஷம். பக்தி பக்திதான்."

"அப்பப் படமும் நீயே வரை" என்றார் ஐயா.

ஆகாயத்தில் மிதந்தேன். முதலாளி மட்டும் ஒரு கொக்கி போட்டார்.

"ஆறும் அவரு ஒத்துக்கிட்டா ஜன்னலோர மேசை உனக்கு. ஒண்ணு தப்புனாலும் காலத்துக்கும் எழுத்துக் கல்லுதான். பொண்ணை வச்சுப் படம் வரைஞ்சோம்னு நாலு பேரு சிரிக்கக் கூடாது பாரு."

ராவுத்தருக்கு நாகப்பட்டினத்தில் கப்பல். அதற்கு இரண்டு வாரம் இருந்தது.

ஐந்து நாளில் ஆறு படமும் முடித்தேன். சந்தோஷத்துக்கு ராட்டினத்தில் சுற்றும் பிள்ளைகள், தலைமுடியெல்லாம் பறக்கிறது. சத்தியத்துக்கு ஒரு கை இன்னொரு கை மேல் அடித்துச் சத்தியம் பண்ணுகிறது. பக்திக்குக் கூப்பிய இரண்டு கைகள், சாமி இல்லை. ஜாசா கொஞ்சம் இடித்தது. இரண்டு நாள் யோசித்து அது 'ஜாஸ்தி' என்று முடிவு கட்டினேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லாரி மறையும் அளவுக்குத் தக்காளிக் குவியல்.

டோசாவில்தான் என் படிப்பு முழுவதும் வேலை செய்தது. தோஷமாக இருக்குமோ என்று முதலில் தோன்றியது. ஆனால் அதற்கு முந்தின மாதம்தான் பஸ் ஸ்டாண்டு ஓட்டல் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் விலைப் பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தேன். அதே நாலு எழுத்து. டி, ஓ, எஸ், ஏ. தோசை! நற்பண்பில் தோசை எப்படி வந்தது என்று கருப்பண அண்ணன் கேட்டார்.

"விருந்தோம்பல், அண்ணே. வந்தவங்களுக்கு முதல்ல தோசை ஊத்திப் போடுறது. நம்ம ஆளுங்க அங்க போயிச் சொல்லிக் குடுத்திருப்பாங்க."

"அட, ஆமா! ஓரம் முறுகலா வை, டீச்சரம்மா. அங்க இருக்கவங்க நம்ம ஊரைக் குறைச்சு நெனைச்சிரக் கூடாது."

சிவப்புப் பின்னணியில் மஞ்சள் வட்டம், ஓரத்தில் பழுப்பு. பக்கத்தில் பச்சையாகச் சட்னி. இன்றைக்குப் பார்த்தாலும் அது நல்ல படம்தான்.

ஆனால் நான் உயிரைக் கொடுத்து வரைந்தது புடியை. ஒரு பெண்ணின் தலை, பக்கவாட்டில், இரட்டைச் சடை. தலைக்குள் ஒரு அரிக்கேன் விளக்கு எரிகிறது. புத்தி! மூக்கு என் மூக்கு என்று எல்லாரும் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

ராவுத்தர் வந்து மேசைமேல் ஆறு புரூபையும் பரப்பினார். தோசையில் கண் நின்றது. முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் சிரிப்பு. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, முதலாளி தண்ணீர் கொண்டுவர ஓடினார்.

"தாயி, டோசான்னா பாவம்! ஆறுல இது ஒண்ணு மட்டும் பிள்ளைங்க கிட்ட போகக் கூடாதுன்னு சொல்ற படம். இதைப் பார்த்தா மலாயாவுல ஒரு பய பாக்கியில்லாம பாவம் பண்ணப் போயிருவான். பாவத்துக்குத் தொட்டுக்க வெஞ்சனம் வேறயா!"

மிஷின் நின்றது. கருப்பண அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். சூசை ஐயா கண்ணாடியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு டீக்குப் போனார். அன்று எத்தனை டீ குடித்தார் என்று தெரியாது.

ராவுத்தர் ஒவ்வொன்றாகச் சொன்னார். செந்தோசா என்றால் குதித்துக் கும்மாளமிடுவது இல்லையாம், பயமில்லாமல் அமைதியாக இருப்பது. செத்தியா என்றால் சொன்ன சொல்லைக் காப்பதைவிட, சேர்ந்த ஆளைக் கைவிடாமல் நிற்பது. ஜாசா ஊருக்கு உழைத்த உழைப்பு. பக்தி கையைக் கூப்புவதோடு நிற்காமல் கையைக் கொண்டு வேலை செய்வது.

"எல்லாம் நம்ம சொல்லுதானேங்கய்யா" என்றேன், அப்போதும் விடாமல்.

"நம்ம சொல்லுதான். நானும் பேகம்பூர்க்காரன்தான். போனப்ப இருந்த மாதிரியேவா வந்து நிக்கிறேன்? பேரு அதே பேரு, ஆளு வேற ஆயிட்டேன்ல. சொல்லுக்கும் அப்படித்தான்."

கடைசியாகப் புடியை எடுத்தார். சிரிக்கவில்லை. விளக்கை விரலால் தொட்டார்.

"இதுல விளக்கு இல்லை தாயி. ஜப்பான்காரன் காலத்துல அங்க ஒருவேளைச் சோத்துக்கு வழியில்லை. தினம் விடியக்காலை என் கடை வாசல்ல இலையில பொதிஞ்சு மரவள்ளிக் கிழங்கு இருக்கும். யாரு வச்சான்னு தெரியாது. நாலு மாசம். சண்டை முடிஞ்ச பிறகுதான் பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மான்னு கண்டுபிடிச்சேன். போயிக் கேட்டா, 'நானா? எனக்கே கிழங்கு இல்லையே'ங்குது. கடைசி வரைக்கும் ஒத்துக்கவே இல்லை. அதுதான் புடி. செஞ்சவங்க சொல்ல மாட்டாங்க. வாங்குனவங்க மறக்க மாட்டாங்க. ஆறு படத்துல அஞ்சு இல்லாட்டியும் பரவாயில்லை, இது இல்லாம நான் கப்பலேற மாட்டேன்."

ஏழு நாளில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மற்ற ஐந்தும் மூன்று நாளில் முடிந்தன. அர்த்தம் தெரிந்த பிறகு படம் தானாக வந்தது. பாவத்துக்கு, உடைந்த பானையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பிள்ளை. ஐந்துக்கும் ஐயா "அச்சுக்குப் போகலாம்" என்றார். புடி மட்டும் மசியவில்லை. ஒரு கை இன்னொரு கைக்குச் சோறு கொடுப்பதாக வரைந்தேன். கண்ணாடி என் கைக்கு வந்தது. நானே பார்த்தேன், அது தர்மம் போடும் படம். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் வணங்குவதாக வரைந்தேன். அது கல்யாண வீட்டு வாசல். கண்ணாடி மறுபடி என் கையில். ஐயாவுக்கு டீக்கடையில் தனி பெஞ்சு போட்டுவிடலாம் என்று கருப்பண அண்ணன் சொன்னார்.

ஆறாம் நாள் காலையில், கெடுத்த கல்லுக்குப் பதில் வேறு கல் எடுக்க உள்ளறைக்குப் போனேன். பழைய கற்கள் அங்கே அலமாரியில் நிற்கும். கைக்கு வந்தது என்னுடைய 'உயர்தரப் பூட்டு'. என் எழுத்தை நானே ரசிக்கலாம் என்று தண்ணீர் தெளித்துத் துடைத்தேன்.

ஈரத்தில் 'ட்' மட்டும் வேறு மாதிரி இருந்தது. அந்த இடம் லேசாகக் குழிந்திருந்தது. சுரண்டிய கீறல்கள். குழிக்குள் சரியாகத் திரும்பிய 'ட்'. குழிக்கு அடியில் நிழல் மாதிரி, நான் முதலில் போட்ட 'ட்'. திருப்பாமல் நேராகவே போட்டிருந்தேன்! அப்படியே அச்சாகியிருந்தால் ஆயிரக்கணக்கான பூட்டுப் பெட்டிகளில் என் 'ட்' முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கும்.

அடுத்த கல்லை இழுத்தேன். 'புகையிலை'யில் 'லை' சுரண்டப்பட்டிருந்தது. அதற்கடுத்ததில் ஒரு காற்புள்ளி. அடுத்ததில் ஒரு சொல் முழுதுமே. பதினோரு மாதமாக என் கல்லில் பிழையே வந்ததில்லை என்று காலையிலும் மத்தியானமும் நான் முழங்கியது நினைவுக்கு வந்தது. யாருமில்லாத அந்த அறையில் எனக்குக் காது சுட்டது.

சூசை ஐயா என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கீறல்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. வலது கையில் கத்தி பிடித்தால் அந்தச் சாய்வு வராது. நான் செய்து பார்த்தேன், வரவே இல்லை. கத்தியை இடது கைக்கு மாற்றினேன். வந்தது.

எழுதத் தெரியாத மனிதர் எப்படித் திருத்தினார்? அதற்கும் விடை கல்லோடு செருகியிருந்தது, மை விரல் பதிந்த மூலக் காகிதம். கடைக்காரர் எழுதித் தரும் அந்தக் காகிதத்தை முதலில் எடுத்த அச்சுத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசிக்காமல், வடிவத்தை வடிவத்தோடு ஒப்பிட்டிருக்கிறார். நான் சொல்லை வாசித்துக்கொண்டு போனதால் எழுத்தைப் பார்க்கத் தவறினேன். அவருக்குச் சொல்லே இல்லை, எழுத்து மட்டும்தான்.

மிஷினுக்கு ஓடினேன்.

"அண்ணே, என் கல்லையெல்லாம் திருத்துனது நீங்கதானே?"

"நானா?" என்றார், உருளையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "எனக்கு அ எது, ஆ எதுன்னு தெரியாது. நான் என்னத்தத் திருத்த? எலி சுரண்டியிருக்கும்."

"எலிக்குப் படிகாரம் தடவத் தெரியுமா?"

"திண்டுக்கல்லு எலி, டீச்சரம்மா. அதுவும் பள்ளிக்கூடம் போயிருக்கும்."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை. எனக்கோ அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்த நிமிஷத்தில் படம் முழுதாக என் கண் முன்னால் வந்து நின்றது. ஒரு பிள்ளை மழையில் நடந்து போகிறது. அதன் தலைக்கு மேலே ஒரு பெரிய இலை. இலையைப் பிடித்திருக்கும் கை மட்டும் பின்னாலிருந்து வருகிறது, ஆள் படத்துக்குள் இல்லை. பிள்ளை இலையைப் பார்க்கவில்லை. உள்ளங்கையை முன்னால் நீட்டி, மழை விட்டுவிட்டதா என்று பார்க்கிறது. விட்டுவிட்டது என்றே நினைத்துக்கொள்கிறது.

வாழையிலை ஒன்று வாங்கிவந்தேன். கருப்பண அண்ணனிடம், "இதைச் செத்த நேரம் தூக்கிப் பிடிங்க, அண்ணே" என்றேன். இலைக்கு அடியில் நிற்க ஆள் வேண்டும். வேறு யாரும் சும்மா இல்லை. சூசை ஐயாவிடம் கேட்டேன்.

"நானா? பிள்ளையாவா?"

"மழை பெய்யுதான்னு கையை நீட்டிப் பாருங்கய்யா. அம்புட்டுத்தான்."

அவர் கையை நீட்டினார். திண்டுக்கல்லில் அப்போது எட்டு மாதமாக மழை இல்லை. கருப்பண அண்ணன் இடது கையில் இலையைப் பிடித்தபடி, வலது கையால் ஈரப் பஞ்சை ஐயாவின் பிடரியில் பிழிந்தார்.

"ஏலே!"

"மழை, ஐயா. கொஞ்சம் பொறுங்க, வெளிநாட்டு மழை."

அச்சகமே வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றது. ஐயா சிரிக்காமல், அசையாமல், கழுத்து நனைந்தபடி அரை மணி நேரம் நின்றார். நான் காகிதமெல்லாம் தேடவில்லை. நேரே கல்லில் வரைந்தேன். கண்டதைக் கண்டபடி, கை போன வேகத்தில். கீழே சொல்லை மட்டும் பழக்கத்தில் திருப்பி எழுதினேன். ஐயா கண்ணாடியை எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"அச்சுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டுத் தலை துவட்டப் போனார்.

மறுநாள் ராவுத்தர் வருகிற நாள். கோர்ட்டுக்குப் பக்கத்தில் நடந்து வந்துகொண்டிருக்கிறேன், சட்டென்று நடுத்தெருவில் நின்றுவிட்டேன். இடது கை! இலையைப் பிடித்திருந்தது கருப்பண அண்ணனின் இடது கை. பார்த்துப் பார்த்து, நகத்தில் ஒட்டிய மை வரைக்கும் வரைந்திருக்கிறேன். மலாய்க்காரர்கள் இடது கையால் எதையும் கொடுக்கமாட்டார்கள் என்று ராவுத்தர் முதல் நாளே சொன்னாரே. நற்பண்புப் படத்தில் மரியாதைக் குறைவு! ஜன்னலோர மேசை என் கண்ணெதிரே காலை எட்டிப்போட்டு நடந்து போனது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். ஒரு குதிரை வண்டிக்காரர் வண்டியை நிறுத்தி, என்னம்மா தீ எங்கே என்று கேட்டார்.

அச்சகத்துக்குள் போனபோது ராவுத்தர் உட்கார்ந்திருந்தார். புரூப் அவர் கையில். அவர் கண் நனைந்திருந்தது.

"யாரு தாயி இந்தப் பிள்ளை, கையை நீட்டிக்கிட்டு! நாலு மாசம் நான் இப்படித்தான் இருந்தேன்" என்றார். "கையையும் மறக்காம வலது கையா வச்சியே, அதுதான் படிப்பு."

குனிந்து பார்த்தேன். வலது கை.

இரண்டு தவறு செய்திருக்கிறேன். ராவுத்தர் சொன்னதை மறந்தது ஒன்று. கல்லில் எல்லாம் திரும்பி விழும் என்பதையே மறந்து, கண்டதை நேராக வரைந்தது இன்னொன்று. கண்ணாடி எழுத்தில் விண்ணப்பம் போட்ட மகராசி! இரண்டும் ஒன்றையொன்று முட்டி நேராகிவிட்டன.

மிஷினிடம் போய் மெல்லக் கேட்டேன்.

"கல்லை ஏத்துறப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, அண்ணே?"

"கல்லுல இடது, காயிதத்துல வலது. இது தெரியாமலா பதினெட்டு வருஷமா மிஷினைச் சுத்துறேன்?"

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ அழிச்சுட்டுத் திருப்பி வரைவே. அப்ப என் கை அப்படியே இடது கையா விழும். ராவுத்தரு திட்டுவாரு. எதுக்கு வம்பு?"

முதலாளி ஜன்னலோர மேசையைத் துடைக்கச் சொன்னார். சூசை ஐயா கல்லை மறுபடி மேசைக்கு எடுத்துவரச் செய்து, "மூலையில பேரு போட்டுக்க, அப்பு" என்றார். எங்கள் வம்சத்தில் ஒரு பெயர் முதல் முதலாக அச்சில் ஏறப்போகிறது. அதுவும் கடல் கடந்து. பேனாவை மையில் தொட்டுவிட்டு நிறுத்தினேன்.

"அண்ணே, உங்க பேரையும் என் பேருக்குப் பக்கத்துலயே போட்டுர்றேன். உங்க கைதானே."

கருப்பண அண்ணன் பதறிப்போய்விட்டார்.

"வேணாம், வேணாம். எம் பேரு எழுத்துல எப்படி இருக்கும்னே நான் பார்த்ததில்லை. நீ பாட்டுக்கு ஒரு எழுத்தைத் திருப்பிப் போட்டுட்டா, எதைப் பார்த்து நான் திருத்துறது?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, ஓடாத மிஷினைத் துடைக்க ஆரம்பித்தார். அந்த மனிதரின் வாயிலிருந்து இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒப்புதல் அது ஒன்றுதான்.